உண்ணிக்குத் துணி விரித்த காலம்

நீலகிரியின் கூடலூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தேயிலை, தேயிலைக்குப் பின்னால் காடு. மாட்டின் காதிலிருந்து உண்ணி பிடுங்கி அடுப்பில் போடுவது சின்ன வயதில் எனக்குப் பொழுதுபோக்கு. 'டப்'பென்று வெடிக்கும். அம்மா திட்டுவாள். அதனால், விலங்கியல் படித்து முடித்துக் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில், சாகர் பக்கம் ஒரு கள ஆய்வுக் குழுவில் உண்ணி சேகரிக்கும் உதவியாளராகச் சேர்ந்தபோது, இதில் புதிதாகக் கற்றுக்கொள்ள என்ன இருக்கப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவரை எல்லோரும் 'அண்ணா' என்றே கூப்பிட்டார்கள், ஜீப் ஓட்டுநர் முதல் தாலுகா மருத்துவர் வரை. பத்ராவதித் தமிழர். இரும்பாலை வேலைக்கு வந்து குடியேறிய குடும்பம். அவருடைய தமிழில் பாதி கன்னடம். முப்பது வருடமாக இந்த மலைநாட்டுக் காடுகளில் உண்ணி பிடித்துக்கொண்டிருந்தவர். முதல் நாள் என்னிடம் அவர் கேட்டது படிப்பைப் பற்றி அல்ல. "தையல் வருமா, தாயி?"

வராது என்றேன். ஒரு மீட்டர் வெள்ளை ஃபிளானல் துணி, ஊசி, நூல், ஒரு மூங்கில் கம்பு கொடுத்தார். கம்பு நுழைகிற அளவுக்கு மேல் விளிம்பை மடித்துத் தைக்க வேண்டும். கம்பின் இரு முனையிலும் கயிறு. அந்தத் துணியைக் காட்டுத் தரையில், சருகின் மேலும் புதரின் மேலும் மெதுவாக இழுத்துப் போவதுதான் வேலை. போகிற வருகிற விலங்கில் தொற்றிக்கொள்ள முன்னங்கால்களை நீட்டிக் காத்திருக்கும் உண்ணி, துணியை விலங்கு என்று நினைத்து ஏறிக்கொள்ளும். பத்து மீட்டருக்கு ஒரு தடவை துணியைப் புரட்டிப் பார்த்து, ஏறியதைப் பிடித்துக் குப்பியில் போட வேண்டும். அவ்வளவுதான். என் தையலை அவர் மூன்று முறை பிரிக்கச் சொன்னார். விளிம்பு சுருங்கினால் துணி தரையில் படியாது, சுருங்கிய இடத்துக்குக் கீழே இருக்கிற உண்ணி தப்பிவிடும் என்றார். ஒரு துணித்தையலுக்கு இத்தனை கெடுபிடியா என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டே தைத்தேன்.

முதல் வாரம் நான் பிடித்ததில் பெரும்பகுதி விதைகள். நாயுருவி, புல் விதை, பெயர் தெரியாத கொடியின் முள். அந்தக் காட்டில் நாங்கள் தேடியது நிம்ஃப் என்னும் இடைப்பருவ உண்ணியை. உண்ணிக்கு முட்டைக்குப் பின் மூன்று பருவம். ஆறு கால் லார்வா, புகையிலைத் தூள் போல இருக்கும். எட்டுக் கால் நிம்ஃப், கசகசா அளவு. முதிர்ந்தது எள் அளவு. பெண் உண்ணி இரத்தம் குடித்து ஊதினால் ஆமணக்குக் கொட்டை. சிறுவயதில் நான் அடுப்பில் போட்டதெல்லாம் அந்தக் கடைசி ரகம். கசகசாவை வெள்ளைத் துணியில் தேடுவது வேறு வித்தை. உற்றுப் பார்த்தால் தெரியாது. பார்வையைத் தளர விட்டுத் துணி முழுவதையும் ஒருசேரப் பார்க்க வேண்டும். அப்போது ஏதோ ஒரு புள்ளி நகரும். விதை நகராது.

கண்டுபிடித்த பின் பிடிப்பதிலும் தோற்றேன். ஃபோர்செப்ஸை அழுத்தினால் நசுங்கியது, தளர்த்தினால் விழுந்தது. நசுங்கிய உண்ணியால் ஆய்வுக்கூடத்துக்குப் பயனில்லை, பிடித்தவருக்கு ஆபத்து. "உங்கம்மா கொழுந்து பறிக்கிறவங்கன்னியே. கொழுந்தை நசுக்கியா பறிப்பாங்க?" என்றார் அண்ணா. அன்று சாயங்காலம் ஒரு தட்டில் கசகசாவைக் கொட்டி, ஃபோர்செப்ஸால் ஒவ்வொன்றாக எடுத்து இன்னொரு தட்டில் வைக்கச் சொன்னார். இரண்டாம் நாள் இரவுதான் கை புரிந்துகொண்டது. பிடிப்பதற்கான விசை விரலில் இல்லை, மணிக்கட்டை அசையாமல் வைப்பதில் இருக்கிறது. அழுத்துவது அல்ல அது, தொட்டுக்கொண்டு நிற்பது. பசியோடு இருக்கும் உண்ணி தட்டையானது. ஃபோர்செப்ஸின் நுனியில் அது ஒரு மெல்லிய செதிலைப் போல, சின்ன எதிர்ப்போடு நிற்கும். அந்த எதிர்ப்பு விரலுக்குத் தெரிய ஆரம்பித்த பிறகு நான் நசுக்கியது குறைவு.

அடுத்த தோல்வி பெரியது. காலை முழுக்க அலைந்து பிடித்த அத்தனை உண்ணியையும் உயிரோடு குப்பிகளில் அடைத்து, பஞ்சு வைத்து மூடி, ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். திரும்பி வந்தபோது எல்லாம் காய்ந்து கிடந்தன. நசுக்கினாலும் சாகாது, தண்ணீரில் போட்டாலும் சாகாது என்று ஊரில் பேர் வாங்கிய பிராணி, ஈரம் இல்லாத காற்றில் சில மணி நேரத்தில் செத்துவிட்டது. உண்ணிக்குள் இருக்கும் வைரஸைப் பிரித்தெடுக்க உயிருள்ள உண்ணி வேண்டும், இல்லையென்றால் உடனே உறையவைத்தது வேண்டும். ஆறு பேரின் காலை உழைப்பு போயிற்று. அண்ணா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் நான் ஈரத்தாளை அளவுக்கு மீறி நனைத்து வைக்க, பாதி உண்ணி குப்பிச் சுவரில் ஒட்டிக்கொண்டு அசையாமல் போனது. வடிதாள் துண்டைத் தண்ணீரில் நனைத்து இரு விரலுக்கிடையே பிழிந்தால், விரல் குளிர வேண்டும், ஆனால் ஈரம் படியக் கூடாது. அதுதான் அளவு. இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

எதற்காக இத்தனை பாடு என்பதை அவர் ஒரே மூச்சில் சொன்னதில்லை. நடக்கும்போது துண்டு துண்டாகச் சொல்வார். 1957ல் இதே மாவட்டத்துச் சொரபா தாலுகாவில், கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. பக்கத்துக் கிராமங்களில் கடும் காய்ச்சல். உலகின் மற்ற காடுகளில் குரங்கையும் மனிதனையும் சேர்த்துக் கொன்ற மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் வந்துவிட்டதோ என்று முதலில் பயந்தார்கள். புனேயின் வைரஸ் ஆராய்ச்சி மையத்திலிருந்து வந்தவர்கள் கண்டெடுத்தது வேறொரு வைரஸ். ரஷ்யக் காடுகளில் உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு நெருங்கிய சொந்தம். காட்டின் பெயரே நோய்க்குப் பெயராயிற்று. ஊர்க்காரர்கள் சொல்வது 'மங்கன காயிலெ', அதாவது குரங்கு நோய். எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. குரங்கும் நம்மைப் போல மாட்டிக்கொண்ட ஒன்றுதான்.

"மாட்டுக்கு இந்த நோய் வராது தாயி. ஆனா உண்ணிக்குப் பந்தி போடுறது மாடுதான்" என்பார் அண்ணா. முதிர்ந்த உண்ணி மாடு போன்ற பெரிய விலங்கில் குடித்துவிட்டு, கீழே விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். லார்வாவும் நிம்ஃபும் எலி, அணில், பறவை, குரங்கு என்று சின்னதும் பெரியதுமாக ஏறும். நோயுள்ள எலியிலோ குரங்கிலோ குடித்த லார்வா, தோலுரித்து நிம்ஃப் ஆகும்போது வைரஸையும் கூடவே கொண்டுபோகும். அந்த நிம்ஃப்தான் பனிக்காலம் தொடங்கிக் கோடை மழை வரும்வரை சருகில் பசியோடு காத்திருக்கிறது. அதே மாதங்களில்தான் மலைநாட்டு மக்கள் பாக்குத் தோட்டத்து உரத்துக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் சருகு அள்ளக் காட்டுக்குள் போகிறார்கள். சருகுக்கு அங்கே 'தரகு' என்று பெயர். மனிதனோடு அந்த வைரஸின் பயணம் முடிந்துவிடுகிறது. மனிதனிடமிருந்து மனிதனுக்கு அது போவதில்லை.

துணி இழுக்க அடர்காட்டின் நடுவுக்குத்தான் போவோம் என்று எதிர்பார்த்திருந்தேன். அண்ணா ஓரத்திலேயே நிறுத்தினார். காடும் வயலும் உரசுகிற இடம், மாடு காட்டுக்குள் நுழைகிற ஒற்றையடிப் பாதை, வெட்டிய காட்டில் மண்டிய புதர். காட்டை வெட்டி ஊரும் மேய்ச்சலும் உள்ளே புகுந்ததுதான் இந்த உண்ணியைப் பெருக்கியது என்று ஜோர்ஜ் போஷெல் என்ற கொலம்பிய ஆய்வாளர் 1969லேயே எழுதியிருக்கிறார். பின்னாளில் புதுச்சேரியில் நோய்ப்பரப்பிக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநராக இருந்த பி.கே.ராஜகோபாலனும் இளமையில் இந்தக் காடுகளில் உண்ணிக்குப் பின்னால் அலைந்தவர்தான். அந்தப் புதர்களில் முக்கால்வாசி லன்டானா. ஊரில் அதை நாங்கள் உண்ணிச்செடி என்போம். அண்ணாவிடம் சொன்னேன். நின்று, திரும்பி, "யாரு வச்ச பேரு?" என்றார். அன்று முழுக்க அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நுண்ணோக்கி எனக்குச் சுலபமாக வரும் என்று நம்பியிருந்தேன். கல்லூரியில் அதில்தான் மார்க் வாங்கியிருந்தேன். மாடுகளிலிருந்து எடுத்த உண்ணிகளை இனம் பிரிக்கச் சொன்னார். மூன்று நாள் உட்கார்ந்து பிரித்து, இந்த நோயைப் பரப்பும் ஹீமாஃபைசாலிஸ் இத்தனை என்று பெருமையோடு எழுதிக்கொண்டுபோய் நீட்டினேன். அவர் இரண்டைத் தூக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்துவிட்டு, நோட்டை மூடி என் கையிலேயே கொடுத்தார். நான் ஹீமாஃபைசாலிஸ் என்று எழுதியதில் பெரும்பாலானவை சாதாரண மாட்டு உண்ணி. நிறத்தையும் அளவையும் பார்த்து எழுதியிருந்தேன். இரண்டும் பசிக்கும் வயிறு நிரம்பியதற்கும் இடையே மாறிக்கொண்டே இருப்பவை.

அவர் படம் வரைந்து காட்டவில்லை. என்னைக் கள நிலையத்தின் வாசலுக்குக் கூட்டிப்போய் எதிர்வீட்டைக் காட்டினார். மலைநாட்டு ஓட்டுவீடு. மழைக்காகச் சுவரைத் தாண்டி வெளியே நீண்டு இறங்கும் கூரை விளிம்பு. "இப்ப போய்ப் பாரு" என்றார். ஊசியால் உண்ணியைக் குப்புறத் திருப்பி, தலைப் பக்கம் குவியத்தைக் கொண்டுவந்தேன். குத்தும் குழலின் இருபுறமும் பால்ப் என்ற இரண்டு குட்டை உறுப்புகள். மாட்டு உண்ணியில் அவை தலைக்குள் ஒடுங்கியிருந்தன. மற்றதில் அவற்றின் அடிப்பகுதி தலையின் சுவரைத் தாண்டி இரு பக்கமும் வெளியே நீண்டிருந்தது. கூரை விளிம்பேதான். கண் இருக்கிற இடத்தில் கண் இல்லை. ஹீமாஃபைசாலிஸ் வகையில் கியாசனூர் நோயை முக்கியமாகப் பரப்பும் ஸ்பினிஜெராவுக்கு 'முள் தாங்கி' என்று பொருள். அந்த முள் ஆண் உண்ணியின் நான்காம் காலின் அடியில், வயிற்றுப் பக்கம் இருக்கிறது. முதல் முள்ளைப் பார்த்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் உண்ணி கடித்துவிட்டதென்று பயந்து ஓடிவந்தார்.

உண்மையில் கடித்தது ஜனவரியில்.

தரகு அள்ளப் போன ஒரு அம்மா, ஓடைக்கரையில் மந்தி ஒன்று செத்துக் கிடப்பதாகச் சொல்லி அனுப்பினார். குரங்கு செத்துக் கிடக்கும் இடம்தான் அந்தக் காட்டிலேயே மோசமான இடம். உடல் குளிர்ந்ததும் அதில் ஒட்டியிருந்த உண்ணிகள் இறங்கிச் சுற்றிலும் பரவி, அடுத்த ஆளுக்குக் காத்திருக்கும். அதனால் சுற்றி 50 மீட்டருக்குப் பூச்சிக்கொல்லி தூவுவார்கள். நாங்கள் கையிலும் காலிலும் உண்ணியை விரட்டும் டெப்பா எண்ணெய் பூசி, பேன்ட்டைக் காலுறைக்குள் செருகி, ரப்பர் பூட்ஸ் மாட்டிப் போனோம். எல்லையில் நின்று கயிறு பிடிப்பதுதான் என் வேலை. நான் நல்ல புகைப்படம் வேண்டுமென்று நாலு எட்டு உள்ளே போய், ஒரு மரத்தில் சாய்ந்து நின்றேன். அரை நிமிடம் இருக்கும்.

இரவு குளிக்கும்போது இடுப்பில், துணி இறுகும் இடத்தில், கசகசா. வலியில்லை, அரிப்பில்லை. ஃபோர்செப்ஸைத் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்தேன். அந்த நேரத்தில் கை நடுங்கவில்லை என்பது இன்றும் எனக்கு ஆச்சரியம். குப்பியில் போட்டு, தேதி எழுதி, அண்ணாவின் கதவைத் தட்டினேன்.

நோய் வருவதாக இருந்தால் மூன்றிலிருந்து எட்டு நாளுக்குள் தெரியும். திடீர்க் காய்ச்சல், நெற்றியைப் பிளக்கும் தலைவலி, உடம்பு முழுக்கத் தசைவலி. சிலருக்கு இரத்தக் கசிவு. தேறிவிட்டார்கள் என்று நினைத்த பிறகு சிலருக்கு இரண்டாவது சுற்றில் மூளையைத் தொடும். வந்தவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் இறக்கிறார்கள். இந்த நோய்க்கென்று தனி மருந்து கிடையாது. 1990 முதல் போட்டுவந்த தடுப்பூசியும் போதிய பாதுகாப்புத் தரவில்லை என்று 2022ல் நிறுத்தப்பட்டுவிட்டது. நான் போனது அதற்குப் பின். எட்டு நாளும் காலை ஆறு மணிக்கு அண்ணா கதவைத் தட்டி, "எவ்வளவு?" என்பார். தெர்மாமீட்டரைப் பார்த்துச் சொல்வேன். போய்விடுவார். எல்லையைத் தாண்டியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் காலை, "கயிறு பிடிக்கிற வேலைக்கு வேற ஆள் போட்டிருக்கேன்" என்றார். அடுத்த ஒரு மாதம் நான் துணி துவைத்துக் காயப்போட்டேன்.

ஆனால் அவர் என்மேல் உண்மையாகவே கோபப்பட்டது அதற்கு முன், டிசம்பரில். ஒரு கிராமத்து ஓரத்தில் பத்து நேர்க்கோடுகளில் துணி இழுத்துவிட்டு, உண்ணி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். இரண்டு நாள் கழித்து அவர் தனியாக அதே இடத்தில் இழுத்து, நிம்ஃபுகள் நிறைந்த இரண்டு குப்பிகளை என் மேசைமேல் வைத்தார்.

"எத்தனை மணிக்கு இழுத்த?"

"ஏழரை."

"துணி?"

பனியில் நனைந்திருந்தது. நனைந்த துணி சருகின்மேல் தழையாது, வழுக்கிக்கொண்டு போகும். உண்ணியும் அதில் ஏறாது. குளிருக்கு நான் வேகமாகவும் நடந்திருந்தேன். மறுநாள் என்னை அங்கே அழைத்துப் போய், பனி உலரும்வரை ஒரு பாறைமேல் உட்காரவைத்தார். ஒன்பது மணி தாண்டியது. பிறகு ஒரு புதரின் தாழ்ந்த இலைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், மெதுவாக ஊதினார். சும்மா இருந்த இலை நுனியில் இரண்டு புள்ளிகள் எழுந்து, முன்னங்கால்களை விரித்துக் காற்றைத் துழாவின. உண்ணிக்கு மூக்கு முன்னங்காலில். நம் மூச்சின் வாசனை அதற்குச் சாப்பாட்டு மணி. அந்த வேகத்தில்தான் நடக்க வேண்டும் என்றார். அது கையை நீட்டி, யோசித்து, பற்றிக்கொள்ள நேரம் கொடுத்து. அன்று நான் நடந்ததைப் பார்த்தவர்கள் ஏதோ சாமி ஊர்வலம் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் முதல் புரட்டலிலேயே துணியில் ஐந்து.

திரும்பும் வழியில் ஜீப்பில் சொன்னார். "இல்ல வேற, கிடைக்கல வேற. இல்லைன்னு எழுத உனக்கு யாரு அதிகாரம் கொடுத்தா? நீ எழுதுற பேப்பரைப் பார்த்து அந்த ஊருக்கு எண்ணெய் போகாது. தெரியுமா?"

அரை நூற்றாண்டுக்கு இந்த நோய் கர்நாடகத்தின் ஐந்து மாவட்டங்களுக்குள் இருப்பதாகத்தான் கணக்கு. சிவமொக்கா, உத்தர கன்னடா, உடுப்பி, தட்சிண கன்னடா, சிக்கமகளூர். 2012ல் பந்திப்பூரில் வெளிப்பட்டது. அதே பருவத்தில் நீலகிரியிலும் வயநாட்டிலும் இறந்த குரங்குகளில் வைரஸ் இருந்தது. 2015ல் வயநாட்டில் நூறு பேருக்கு மேல் நோய். அதே ஆண்டு கோவா, அடுத்த ஆண்டு மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க், அங்கே முந்திரித் தோட்டங்களுக்குப் போனவர்களுக்கு. வரைபடத்தில் அந்தப் புள்ளிகளை அண்ணா விரலால் தொட்டுக்கொண்டே வந்து, நீலகிரியில் நிறுத்தினார். "உங்க ஊரு. 2012க்கு முன்னாடி அங்க இல்லையா, இல்ல யாரும் துணி இழுக்கலையா?" எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் பதிலை எதிர்பார்க்கவும் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு பருவம் முடித்துவிட்டு ஊருக்கு வந்தேன். இப்போது கூடலூர்ப் பக்கம் காட்டோரங்களில் துணி இழுக்கிறேன். என் துணி, என் தையல். அம்மா அதை வாங்கிப் பார்த்து, "விளிம்பு நல்லாத்தான் வந்திருக்கு" என்றாள். போன பிப்ரவரியில் ஒரு மேய்ச்சல் பாதையில் நாற்பது கோடு இழுத்தேன். ஒன்றுகூட ஏறவில்லை. நோட்டில் தேதி, நேரம், வெயில், சருகின் ஈரம், நடந்த வேகம் எல்லாம் எழுதி, கடைசிக் கட்டத்தில் 'கிடைக்கவில்லை' என்று எழுதினேன். சாயங்காலம் அண்ணாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒப்பித்தேன். ஓய்வுபெற்றுவிட்டார். பின்னணியில் பேரக்குழந்தைகளின் சத்தம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒன்று மட்டும் கேட்டார்.

"துணி காஞ்சிருந்ததா, தாயி?"